கொடுவா அல்லாத மீன்

இரண்டாவது பாட்டில் தண்ணீரும் உள்ளே போய்விட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்த ஸ்கேன் சென்டரின் பச்சை நாற்காலி வரிசையில், முழங்கால்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தெய்வசிகாமணி. எழுபதில் கால் வைக்கப்போகிறவர், கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். 'சிறுநீர் நன்றாக முட்டியதும் கவுன்ட்டரில் சொல்லவும்' என்று எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதில் பிழை இல்லை, அது அவருக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. பக்கத்திலிருந்த 'செல்போனை அனைத்து வைக்கவும்' அந்தக் குறையைத் தீர்த்தது. இரண்டு சுழி போட்டால் எல்லாம் என்று பொருள். மூன்று சுழி போட்டுச் சரியாக எழுதியிருந்தால் மட்டும் என்ன, அணைப்பது விளக்கையும்தான், குழந்தையையும்தான். போனைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறார்கள் என்றும் கொள்ளலாம். அவர் அப்படித்தான் கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன், அதன் மேல் உள்ளங்கை. எட்டரைக்கு மகள் கூப்பிடுவாள். இப்போது எட்டு ஐந்து. பதினோராம் டோக்கன் உள்ளே இருந்தது, இவருடையது பதினான்கு. எட்டரைக்குள் அவளிடம் போவதா வேண்டாமா என்று முடிவுசெய்தாக வேண்டும், மூன்று வாரமாக முடியாததை இருபத்தைந்து நிமிடத்தில், அதுவும் இந்த நிலைமையில். மகள் பெயர் சேல்விழி. ஊரில் பாதிப் பேர் கயல்விழியாக இருந்த காலத்தில், கயலும் மீன்தான் சேலும் மீன்தான், இன்னொரு மீனுக்கும் வாய்ப்புக் கொடுப்போமே என்று வைத்த பெயர். இப்போது ஹூஸ்டனில் இருக்கிறாள். அங்கே அந்தப் பெயரின் முன்பாதியைப் படித்தவர்கள் தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்களாம். "ரொம்ப நன்றிப்பா" என்று ஒரு தீபாவளி அன்று போனில் சொன்னாள். அவர் நன்றியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கடிதம் வந்து மூன்று வாரம். மின்னஞ்சல்தான், ஆனால் தமிழில், ஒன்றரைப் பக்கம். ஆறு வருஷத்தில் அவளிடமிருந்து தமிழில் வந்த முதல் எழுத்து. அப்பா, உங்களுக்கு எழுபது வருகிறது, என் பரிசாக ஒரு பயணம், அக்டோபரில் பத்து நாள். ஹூஸ்டனிலிருந்து காரில் சில மணி நேரம் போனால் ஒரு பெரிய ஏரி இருக்கிறது, சாதனை மீன் பிடிப்பதற்கென்றே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள், மூன்று நாளுக்குப் படகும் வழிகாட்டியும் சொல்லிவைத்திருக்கிறேன், நீங்களும் நானும் மட்டும், அங்கே இருப்பது உங்கள் கொடுவா. அந்த இடத்தில்தான் அவர் கண் தைத்து நின்றது. கீழே படம் வைத்திருந்தாள். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு மீனின் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கி, அதைப் பெற்றவர்போல் சிரித்துக்கொண்டிருந்தார். பச்சை உடம்பு, விலாவில் கறுப்புக் கறை, ஒரு சொம்பு தாராளமாக நுழைகிற வாய். கொடுவா அல்ல. கொடுவா வெள்ளி வார்த்ததுபோல் இருக்கும், ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் இரண்டுக்கும் சொந்தம் கொண்டாடித் திரியும். இதுவோ ஏரியில் பிறந்து ஏரியில் முடிகிற அமெரிக்க மீன். அவர்கள் பாஸ் என்கிறார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் அது முதலாளியாக இருக்கலாம், பரீட்சையில் தேறியதாக இருக்கலாம், பேருந்தில் காட்டுகிற அட்டையாக இருக்கலாம், மீனாக மட்டும் இருக்க முடியாது. பாஸ் என்றால் கொடுவா என்று அவளுக்கு யார் சொன்னது? அவர்தான். மீன்வளக் கலைச்சொல் தொகுதி, 1988, சொல்லாய்வு பேராசிரியர் தெய்வசிகாமணி. அவள் விமானம் ஏறியபோது பெட்டியில் வைத்துக் கொடுத்த நான்கு புத்தகங்களில் ஒன்று. குழுவில் மீன் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், அன்றைக்கு அவருக்கு வயிற்றுப்போக்கு. தட்டச்சுத் தாளில் 'ஸீ பாஸ், கொடுவா' என்று சரியாகத்தான் இருந்தது. கொடுவா கடலில் இல்லாமல் ஆகாயத்திலா இருக்கும், தேவையற்ற அடைமொழி என்று அந்த 'ஸீ'யைச் சிவப்பு மையால் வெட்டியவர் இவர். ஒரே ஒரு எழுத்து. முப்பத்தாறு வருஷம் கழித்து அந்த எழுத்தின் வழியாக ஒரு பெண் கிளம்பிப் போய், வேறொரு கண்டத்தில், வேறொரு தண்ணீரில், வேறொரு மீனுக்குத் தூண்டில் ஏற்பாடு செய்துவிட்டாள். கடிதத்தில் இதுவும் 'முயற்ச்சி'யும் 'கண்டுப்பிடித்தேன்'னும் சேர்த்துப் பதினோரு பிழை. முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது. எண்ணுவது அவர் செய்கிற காரியம் அல்ல, அவருக்கு நேர்கிற காரியம். ஆனால் பதில் எழுதும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக, கையைக் கட்டிக்கொண்டார். 'கடிதம் கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. யோசித்துச் சொல்கிறேன். அப்பா.' அவ்வளவுதான். அதை அனுப்பிவிட்டு, மலை ஏறி வந்தவர்போல் அரைமணி நேரம் படுத்திருந்தார். மூன்று வாரமாகப் பதினொன்றும் உள்ளேயே இருக்கின்றன.

"இன்னா சார், முட்டுதா?" என்று பக்கத்து நாற்காலி கேட்டது. ஐம்பத்தைந்து வயதிருக்கும், தேவனாம்பட்டினத்துக்காரி, மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், அஞ்சலாட்சி என்று கவுன்ட்டர் பெண் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். டோக்கன் பதின்மூன்று. "வந்துகிட்டிருக்கு" என்றார். "எனக்கு ரெண்டு வாட்டி முட்டிச்சு, ரெண்டு வாட்டியும் தாங்கல, போயிட்டு வந்துட்டேன். மறுபடி குடின்றா அந்தப் பொண்ணு. கடலையே குடிச்சிட்டேன் போலருக்கு." மீன் விற்கிறவள் என்றதும் கேட்கக் கூடாதென்று இருந்தவர் கேட்டுவிட்டார். "இப்ப கொடுவா வருதாம்மா?" "வரும், மொவத்துவாரத்துல. பெருசெல்லாம் வண்டி ஏறிப் பூடுது. நீங்க வாங்குற ஆளா, புடிக்கிற ஆளா?" "பிடிக்கிற ஆளா இருந்தேன்." அந்த இறந்தகாலம் அவரையே லேசாகக் குத்தியது, அதை மறைக்கப் பேச்சை நீட்டினார். பெண் அமெரிக்காவில் இருக்கிறது, மீன் பிடிக்கக் கூப்பிடுகிறது. அவள் முழுசாகத் திரும்பிப் பார்த்தாள். "அமெரிக்காவுக்கா? ஏன், அங்க மீன் புடிக்க ஆளில்லியாமா?" "பெரிய மீனு. பிடிச்சு, அளவெடுத்து, போட்டோ எடுத்துட்டு, திரும்பத் தண்ணியிலயே விட்டுடுவாங்க." "விட்டுடுவாங்களா?" "ஆமா." "கொழம்பு வெக்க மாட்டாங்க?" "மாட்டாங்க." "அப்ப அந்த மீனுக்கு வாய் புண்ணாவறதுதான் மிச்சம்" என்றாள், சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள், சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காத சார், இங்கியே பூடும்" என்று அதட்டினாள். பொண்ணு என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டாள். "கம்ப்யூட்டர்ல. மத்தவங்க எழுதினதுல தப்புக் கண்டுபிடிக்கிறது." "அதுக்கு ஒரு வேலையா? நீங்க இன்னா பாத்தீங்க?" "அதேதான்." "நல்ல குடும்பம்" என்றாள் அஞ்சலாட்சி. "பின்ன போவ வேண்டியதுதான, இன்னாத்துக்கு மொவத்த இப்பிடி வெச்சினுக்கீறீங்க? எம்மவ இருக்கா, பண்ருட்டில. ரெண்டு நாளு வந்து இரும்மான்னு அவ கூப்புட்டு வருசமாச்சு. பண்ருட்டி, சார். பஸ்ஸு ஏறினா முக்கா மணி நேரம்." ஏன் போகவில்லை என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்வாள், பதில் சொன்னால் இங்கே இரண்டு பேருக்கும் அது பொருந்திவிடும். அவர் எதிர்ச்சுவரின் இரண்டு சுழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கல் இருந்தால் போதும். இதை நினைத்துக்கொண்டுதான் காலையில் சட்டை மாட்டினார், வெட்கமாக இருந்தது, ஆனாலும் நினைத்தார். டாக்டரிடம் போனது விமானத்தில் இருபது மணி நேரம் உட்காரலாமா என்று கேட்க. ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், ஓஹோ, வலி உண்டா, ஓஹோ, போவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே என்றார் டாக்டர். அந்த இரண்டு ஓஹோவுக்கும் இடையில் அவருக்கு ஒரு வாசல் திறந்தது. இடது சிறுநீரகத்தில் ஒரு கல், ஒன்பது மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், மரியாதையான அளவு, உயிருக்கு ஆபத்தில்லாதது, ஆனால் பயணத்துக்கு ஆகாதது. நெடும்பயணம் தவிர்க்கப்பட வேண்டும் என்று டாக்டர் எழுதுவார். தவிர்க்கப்பட வேண்டும்: செயப்பாட்டு வினை, செய்தவன் பெயர் எங்குமே வராது. அப்பா வரவில்லை என்று ஆகாது, பயணம் தவிர்க்கப்பட்டது என்றுதான் ஆகும். இலக்கணத்தில் கோழைகளுக்கென்று ஒரு முழு இயலே ஒதுக்கியிருக்கிறார்கள், வகுப்பில் முப்பது வருஷம் நடத்தியும் இது இப்போதுதான் உறைக்கிறது. ஆனால் அளவை நாம் சொல்லி வாங்க முடியாதே. கல் என்று நினைத்துப் போனால் கல்லாகத்தான் இருக்க வேண்டுமென்று என்ன கட்டாயம்? மனைவி மங்கையர்க்கரசியும் இப்படித்தான் ஒரு நாற்காலியில், மடியில் தண்ணீர் பாட்டிலோடு, "ஒண்ணும் இருக்காது, நீங்க வேணா போயி பேப்பர் படிச்சிட்டு வாங்க" என்று இவரை விரட்டினாள். அவர் போய் நின்றபடியே பேப்பர் படித்தார், தலையங்கத்தில் ஒற்று விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. அதற்கப்புறம் எட்டு மாதம். அடிவயிறு கல்லாக இறுகியது, இறுகுவது பயமா தண்ணீரா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பன்னிரண்டாம் டோக்கன் எழுந்து ஓட்டமும் நடையுமாக உள்ளே போனது. எட்டு பதினான்கு. மங்கை போய் நாற்பதாம் நாள் சேல்விழியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, ஆறு பக்கம். அம்மாவைப் பற்றி, கடைசி வாரம் வந்து சேர முடியாததைப் பற்றி, 'அம்மா இல்லாத வீட்டிர்க்கு' இனி எப்படி வருவேன் என்பதைப் பற்றி. அவரால் அதைப் படிக்க முடியவில்லை. அச்செடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவைத் திறந்த பிறகுதான் படிக்க முடிந்தது. அந்த ர்-ஐ அடித்து ற் என்று போட்டபோது அழுதார். அந்த ஆறு பக்கத்தையும் அவர் கடந்தது ஒவ்வொரு பிழையாகப் பிடித்துக்கொண்டுதான், வழுக்குப் பாறையில் ஆற்றைத் தாண்டுகிறவன் மாதிரி. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். திருத்திய பக்கங்களை ஸ்கேன் செய்து அவளுக்கு அனுப்பினார். ஏன் அனுப்பினார்? நான் முழுசாகப் படித்தேன் என்று காட்டுவதற்கு. அது அவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது அனுப்பி இரண்டு நாள் கழித்துச் சோறு பிசையும்போது தோன்றியது. அப்புறம் அவள் தமிழில் எழுதவில்லை. தீபாவளி, பொங்கல், போனில் மூன்று நிமிடம், உடம்பு எப்படி, மழை உண்டா.

மறுபடி எழுதியிருக்கிறாள், அதுதான் விஷயம். மீன் அல்ல, தூரம் அல்ல, விமானத்தில் கழிப்பறைக்கு வரிசையில் நிற்பதுகூட அல்ல. மூன்று நாள் ஒரு படகில் அவளும் அவரும் மட்டும். படகைப் பற்றி நினைத்தாலே அந்த இன்னொரு படகு வந்துவிடும், வேண்டாமென்றாலும் வந்துவிடும், வந்துவிட்டது. வெள்ளாறு, பரங்கிப்பேட்டைக்கு அருகே முகத்துவாரம், அவளுக்கு எட்டு வயது, முழுப் பரீட்சை லீவு. வாடகைத் தோணி, உயிர் இறால் இரை, பிரம்பில் சுற்றிய தங்கூசி என்கிற நைலான் நரம்பு. ஏறிய கடல்தண்ணீர் திரும்புகிற நேரத்தில் ஒரு கொடுவா இரையை அடித்தது. அவ்வளவு பெரிய மீனை அவர் அதற்கு முன்னும் பின்னும் தொட்டதில்லை. நரம்பு விரலை அறுத்துக்கொண்டு ஓடியது, விட்டார், பிடித்தார், விட்டார், அரைமணி நேரம். ஒருமுறை தண்ணீரைப் பிளந்துகொண்டு முழு உடம்பும் வெளியே வந்து தலையை உதறியது, வெயிலில் ஒரு கதவு திறந்து மூடியது போல. சேல்விழி "அப்பா!" என்று எழுந்து நின்றாள். தோணி ஆடியது. அவர் ஒரு கையை ஊன்றினார், நரம்பு ஒரு கணம் தொய்ந்தது, மறுகணம் கையில் கனமே இல்லை. அந்தக் கனமின்மை இன்றும் உள்ளங்கையில் இருக்கிறது, போன் மேல் வைத்திருக்கிற அதே கை. "உன்னாலதான்டீ போச்சு" என்றார். இரண்டே சொல். அந்தத் 'தான்' மட்டும் இல்லாமலிருந்தால் வாக்கியத்தில் கொஞ்சம் இடம் இருந்திருக்கும், உன்னாலும் என்னாலும் காற்றாலும் என்று மற்றவர்களும் உள்ளே வர முடிந்திருக்கும். தான் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார். அவள் உட்கார்ந்தாள், கரை சேரும்வரை அழவும் இல்லை. கரைக்கு வந்து நரம்பைச் சுற்றும்போதுதான் முனையைப் பார்த்தார். தூண்டில் போடுகிற யாருக்கும் தெரியும், நரம்பு அறுந்தால் முனை நேராக இருக்கும், முடிச்சு நழுவினால் பன்றிவால் போலச் சுருண்டிருக்கும். சுருண்டிருந்தது. அவர் போட்ட முடிச்சு, அவசரத்தில், எச்சில் தொட்டு இறுக்காமல். குழந்தை எழுந்து நின்றாலும் நிற்காவிட்டாலும் அது நழுவத்தான் போகிறது. முனையை நறுக்கி வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டார், யாரிடமும் சொல்லவில்லை. ஊரார் பிழையெல்லாம் திருத்தினார், இந்த ஒன்றை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார், பதிப்பு வரவே இல்லை. இப்போது அவளே எழுதுகிறாள், ஒன்றரைப் பக்கத்தின் கடைசிக்கு முந்தின வரி: 'அன்றைக்கு என்னால்தான் உங்கள் மீன் போயிற்று, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று நீண்ட நாளாக நினைப்பு.' அந்த வரியில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. பதினொன்றில் அது சேராது. போனால் அந்த வரியோடு மூன்று நாள் படகில் உட்கார வேண்டும், எழுந்து எங்கும் போக முடியாத இடத்தில், அவள் பிடித்துக் கொடுக்கிற மீனைக் கையில் வாங்க வேண்டும். போகாவிட்டால் அந்த வரி அச்சாகிவிடும். கல்லே, எங்கே இருக்கிறாய்?

அஞ்சலாட்சியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் எழுந்து, ஒரு கையால் சுவரைத் தாங்கிக்கொண்டு, "போன் வந்தா எடு சார், யோசன பண்ணிகினே உக்காந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டு இருபத்தொன்பதுக்கு உள்ளங்கைக்குக் கீழே போன் துடித்தது, கால்களைப் பின்னிக்கொண்டு எடுத்தார். "அப்பா." "சொல்லும்மா." "எங்க இருக்கீங்க, சத்தமா இருக்கு?" "பேங்க்ல." "சார், டோக்கன் பதினாலு, யூரின் ஃபுல்லா இருக்கா?" என்று கவுன்ட்டர் பெண் அறைக்கே கேட்கும்படி கேட்டாள். "பேங்க்ல எதுக்குப்பா யூரின் கேக்கறாங்க?" "ஸ்கேன். சும்மாதான். ஒண்ணுமில்ல." "அப்ப நான் நெனச்சது சரிதான்" என்றாள், குரல் சட்டென்று இறங்கியது. "என்ன நெனச்ச?" "உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு. மூணு வாரமா பயந்துட்டிருக்கேன்." "யார் சொன்னா?" "யாரும் சொல்லல. நீங்க என் லெட்டரத் திருத்தல." அவருக்குப் புரியவில்லை, இருந்தாலும் முதுகு நிமிர்ந்தது. "அதுல ஒம்பது தப்பு வெச்சிருந்தேன்ப்பா, வேணும்னே. ஆபீஸ்ல அப்படிப் பண்ணுவோம், நாமளே தப்ப உள்ள போட்டுட்டு, பாக்கறவங்க கண்ணுல படுதான்னு பாப்போம். கொடுவான்னு போட்டா அன்னிக்கே கூப்பிட்டுக் கத்துவீங்கன்னு நெனச்சேன். கத்தட்டும், அப்பிடியாவது பேசுவோம்னுதான். மிக்க மகிழ்ச்சின்னு ஒரு வரி வருது! நான் உக்காந்து அழுதேன். அப்பாவுக்குக் கண்ணு போயிருக்கணும், இல்ல தலையில ஏதோ ஆகியிருக்கணும், என்கிட்ட மறைக்கறாருன்னு." அவர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன, வரிசையாக நின்றன, ஆனால் அடிவயிற்றில் நிற்கிற ஒன்று எதையும் முன்னால் விடவில்லை. "பதினொண்ணு" என்றார். "என்னது?" "ஒம்பது இல்ல. பதினொண்ணு." மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா என்று அவரால் பிரிக்க முடியவில்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் அதில் இருந்தது. "அய்யோ அப்பா. அப்ப ரெண்டு என்னோடதா?" அவளுடையவை எந்த இரண்டு என்று அவருக்குத் தெரியும், 'முயற்ச்சி' நிச்சயம். தெரியாதது வேறு. அந்த ஒன்பதில், அவள் வேண்டுமென்றே வைத்துவிட்டு இவர் கண்ணில் படுகிறதா என்று காத்திருந்த ஒன்பதில், 'என்னால்தான்' உண்டா? உண்டென்றால் அவளுடைய சொந்தப் பிழை இரண்டல்ல, மூன்று. உண்டென்றால் அவளுக்குத் தெரியும், எப்போதிலிருந்து தெரியும், எட்டு வயதில் மணலில் நின்றபடி வேட்டி மடிப்பைப் பார்த்தாளா? இல்லையென்றால் முப்பது வருஷத்துக்கும் மேல் அதை உண்மையென்று சுமந்துகொண்டிருக்கிறாள். கேட்டால் ஒரு வினாடியில் தெரிந்துவிடும். "அப்பா, இருக்கீங்களா?" "இருக்கேன்." "படகுக்காரங்களுக்கு நான் இப்ப முடிவு சொல்லியாகணும். கட்டாயம்னு இல்லப்பா. ஸ்கேன் வேற எடுக்கறீங்க. உங்களுக்கு எப்படித் தோணுதோ." எப்படித் தோன்றுகிறது? போக வேண்டுமென்றும் போகவே கூடாதென்றும் ஒரே அழுத்தத்தோடு தோன்றியது. கதவு திறந்தது. அஞ்சலாட்சி வெளியே வந்து எதையும் பார்க்காமல் கழிப்பறைப் பக்கம் பாய்ந்தாள். பின்னாலேயே நர்ஸ், "தெய்வசிகாமணி யாரு? சீக்கிரம் வாங்க சார், டாக்டர் கெளம்பணும்." அவர் எழுந்தார். எழுந்ததும் உலகமே அடிவயிற்றில் வந்து நின்றது. "வரேன், வரேன்" என்றார். போன் காதிலேயே இருந்தது.

"வர்றீங்களா!" என்று போன் கத்தியது. "அப்பா! சரிப்பா, சரி, நான் உடனே சொல்லிடறேன், நீங்க ஸ்கேன முடிங்க, முடிச்சிட்டுக் கூப்பிடுங்க, எத்தனை மணியானாலும் முழிச்சிருக்கேன்." இரு, நான் சொன்னது நர்ஸிடம் என்று சொல்வதற்கு நான்கு சொல் வேண்டும், அதற்குள் அது அணைந்துவிட்டது. போனை வாங்கி ஒரு டிரேயில் வைத்தார்கள், கண்ணாடியையும் வாங்கினார்கள், படுக்கச் சொன்னார்கள். வயிற்றில் குளிர்ந்த பசை விழுந்தது, உடம்பு துள்ளியது. "ஆடாதீங்க சார்" என்றார் டாக்டர், இவருக்கு முகம் காட்டாமல் திரையைப் பார்த்தபடி. கருவி அடிவயிற்றை அழுத்தியது, இரக்கமே இல்லாமல், சரியாக எங்கே அழுத்தக் கூடாதோ அங்கே. "மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க." பிடித்தார். முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுத் திருத்த வேண்டும். அம்மா, ஒரு சின்னப் பிழை, அது உன்னிடம் சொன்னதல்ல. வாக்கியம் நன்றாக வந்தது, ஒற்றுகூடச் சரியாக விழுந்தது, அனுப்பத் தயாராக இருந்தது. அனுப்புவதற்கு முன் மூலத்தை ஒருமுறை பார்ப்பது வழக்கம். வரேன். பகுதி வா, அது குறுகியிருக்கிறது, குறுகலாம், விதி உண்டு. விகுதி 'ஏன்', தன்மை ஒருமை. ஆக வருகிறவர் அவர்தான், வேறு யாருமில்லை. காலம் காட்டுகிற 'கிறு' பேச்சில் தேய்ந்துபோய்விட்டது, அதனால் இந்த நிமிடமா அக்டோபரா என்று சொல்லுக்குள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. யாரிடம் சொல்லப்பட்டது என்பதற்கு அந்தச் சொல்லில் உறுப்பே கிடையாது, எந்த வினைமுற்றிலும் கிடையாது, மொழி அதைக் கேட்கவே இல்லை. சிவப்புப் பேனாவோடு மூன்று முறை சுற்றி வந்தார். எங்கே அடிப்பது என்று தெரியவில்லை. எழுபது வருஷத்தில் ஒரு சொல்லைப் பிழையில்லை என்று விட்டுக்கொடுப்பது இவ்வளவு பயமாக இருக்குமென்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. "மூச்ச விடுங்க சார்" என்றார் டாக்டர். பிறகு இன்னொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது.